பெய்ஜிங் பூங்காவும் ஆறாவது மாடியும்: சீன வயசாளிகளுக்கு நோயே வராதா?

மார்ச் 8, 2025 – கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

வேலை விஷயமாகப் பத்து நாள் பெய்ஜிங்கில் இருந்துவிட்டு வந்தேன். தங்கியிருந்த இடம் சொர்க்கக் கோயில் பூங்காவை ஒட்டி. காலை ஆறரைக்கு உள்ளே போனால் கூட்டம் கூட்டமாக வயசாளிகள். ஒருவர் மரத்தில் காலைத் தூக்கி வைத்து நெற்றியால் முழங்காலைத் தொடுகிறார், கேட்டால் எழுபத்தாறு என்கிறார். ஒரு பாட்டி இறகுப் பந்தைக் காலால் உதைத்து விளையாடுகிறார். எல்லார் கையிலும் பிளாஸ்கில் வெந்நீர், இல்லையென்றால் பச்சைத் தேநீர். நாம் அறுபதிலேயே பிரஷர், சுகர், மூட்டுவலி என்று மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்துவிடுகிறோம். வெந்நீர், தேநீர், தாய்ச்சி (மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) மூன்றும் இருந்தால் நாள்பட்ட நோய் எதுவும் அண்டாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 8, இரவு

மறுக்கிறேன்.

2011 முதல் 2017 வரை வடகிழக்குச் சீனாவில், ஷென்யாங் நகரத்தில் மருத்துவம் படித்தவன். இப்போது நாமக்கல் பக்கம் சின்ன கிளினிக். பூங்காவுக்கு யார் வருவார்கள் என்று முதலில் யோசியுங்கள். நடக்க முடிந்தவர்கள்தான். அரிசியைப் புடைத்து முறத்தில் வைத்த பிறகு பார்த்து, இந்த ஊர் நெல்லில் கல்லே கிடையாது என்று சொல்கிறீர்கள்.

சீனாவில் பக்கவாதம் முன்னணி மரணக் காரணங்களில் ஒன்று. 25 வயதைத் தாண்டிய ஒருவருக்கு வாழ்நாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பை உலகம் முழுக்கக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். முதலிடம் சீனா, 39.3 சதவீதம். ஐந்தில் இரண்டு பேர். நீங்கள் பார்த்தது மீதி மூன்று பேரை.

மார்ச் 9

நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், தூக்கக் கலக்கம். அங்கே ஆயுள் குறைவு என்று நான் சொல்லவில்லை. 2020 கணக்கில் சராசரி ஆயுள் 77.9. அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 26 கோடியே 40 லட்சம் பேர். நிறையப் பேர் நெடுநாள் வாழ்கிறார்கள். எப்படி வாழ்கிறார்கள் என்பது பூங்காவில் தெரியாது.

கடைசி இரண்டு வருடம் ஹாஸ்டலை விட்டு வெளியே வாடகைக்கு இருந்தேன். எண்பதுகளில் கட்டிய குடியிருப்பு, லிஃப்ட் கிடையாது, ஆறாவது மாடி. வீட்டுக்காரர்கள் எதிர்வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மாவை நான் 'ஆயி' என்றுதான் கூப்பிடுவேன். சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை அழைக்கும் சொல் அது. நம்ம ஆயியும் அதுவும் ஒரே ஒலி. ஊருக்குப் போன் பேசும்போது "ஆயி சோறு கொடுத்தாங்க" என்பேன், பாட்டி செத்துப் பத்து வருஷமாச்சே என்று அம்மா பயந்துபோனார்.

ஆயிக்கு அப்போது 68. தினமும் மாலை ஏழு மணிக்குக் கீழே சதுக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து நாற்பது பெண்களோடு ஆடுவார். நீங்கள் பார்த்திருந்தால் அவரையும் போட்டோ எடுத்து இங்கே போட்டிருப்பீர்கள். அவருடைய கணவருக்கு வலது கை, வலது கால் வராது. 2012இல் வந்த பக்கவாதம். மூன்று வருடமாக அவர் படியிறங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மனைவி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பூங்காக் கணக்கில் அந்தத் தாத்தா வரமாட்டார்.

மார்ச் 9, சற்றுப் பிறகு

ஒரு சின்ன விஷயம், மொழி ஆர்வலர்களுக்கு. பக்கவாதத்துக்குச் சீனத்தில் பழைய சொல் சோங்ஃபெங். காற்று அடித்தது, காற்றால் தாக்கப்பட்டது என்று பொருள். நாம் வாதம் என்கிறோம், பாரிசவாயு என்கிறோம். அதுவும் காற்றுதான். இரண்டு ஊரிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தவனைப் பார்த்துக் காற்றைத்தான் சந்தேகித்திருக்கிறார்கள். வார்டில் இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, மூளையில் அடைப்பு என்பதைச் சுருக்கி நாவ்கெங் என்பார்கள். பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றும் சேர்ந்தால் சான்காவ், அதாவது மூன்று உயரம். "எனக்கு மூணும் உயரம் டாக்டர்" என்று பெருமை மாதிரி சொல்வார்கள்.

மார்ச் 12

"எல்லா ஊரிலும்தான் பிரஷர் இருக்கிறது, சீனாவில் என்ன தனி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்.

தனி என்றால் முதலில் உப்பு. அதிலும் வடக்கு. அக்டோபர் கடைசியில் ஷென்யாங் தெருக்களில் லாரி லாரியாக நீள முட்டைக்கோஸ் வந்து இறங்கும். வீட்டுக்கு ஐம்பது கிலோ, நூறு கிலோ வாங்கி, வெயிலில் வாட்டி, இடுப்புயர ஜாடியில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு உப்பைத் தூவி, மேலே ஒரு பாறாங்கல்லை வைப்பார்கள். ஒரு மாதத்தில் புளித்துச் சுவான்சாய் ஆகிவிடும். குளிர்காலம் முழுக்க அதுதான் காய். வெளியே மைனஸ் இருபது, பச்சைக் கீரை கிடைக்காத காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் எல்லாக் காயும் கிடைக்கிறது, ஜாடியை யாரும் தூக்கிப்போடவில்லை. கூடவே சோயா சாஸ், உப்புப் போட்ட வாத்து முட்டை, சோயா விழுது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. சீனச் சராசரியே அதைப்போல இரண்டு மடங்கு.

இரண்டாவது, தெரியாமல் இருப்பது. பீக்கிங் பல்கலைக்கழகம் 2011–12இல் தொடங்கிய சார்ல்ஸ் ஆய்வில் 45 வயதுக்கு மேற்பட்ட 17,000க்கும் அதிகமானோரை வீட்டுக்கே போய்ப் பார்த்து, பிரஷர் அளந்து, ரத்தம் எடுத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் பூங்கா நண்பர் "எனக்கு ஒரு நோயும் இல்லை" என்று சொன்னால், யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2017இல் 35 முதல் 75 வயது வரை 17 லட்சம் பேரிடம் பார்த்த இன்னொரு கணக்கு: 44.7 சதவீதம் பேருக்கு உயர் அழுத்தம். அதில் தெரிந்தவர்கள் 44.7 சதவீதம் (அச்சுப்பிழை இல்லை, இரண்டும் ஒரே எண்தான்). மாத்திரை எடுப்பவர்கள் 30.1. கட்டுக்குள் இருப்பவர்கள் 7.2.

மார்ச் 13

சார்ல்ஸ் என்றால் யார் அந்த வெள்ளைக்காரர் என்று கேட்டவருக்கு: ஆள் இல்லை ஐயா, ஆய்வின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.

மார்ச் 16

உப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விடக்கூடாது.

வட சீனக் கிராமங்கள் 600. மாகாணங்கள் ஐந்து: ஹெபெய், லியாவ்னிங், நிங்சியா, அப்புறம் இரண்டு ஷான்சி. (ஆமாம், இரண்டு இருக்கிறது. சீனர்கள் தொனியை ஏற்றி இறக்கித்தான் பிரிக்கிறார்கள். ஆறு வருடத்தில் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.) ஆட்கள் 20,995 பேர், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு மாற்று உப்பு இலவசம்: முக்கால் பங்கு சாதாரண உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. மீதிக் கிராமங்கள் பழையபடி. ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பார்த்தார்கள். முடிவு 2021இல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மரணம் 12 சதவீதம் குறைவு.

எனக்கு இதில் பிடித்தது அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சமையலுக்கு மட்டும் கொடுத்தால் ஜாடிக்குப் பழைய உப்பு போய்விடும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

நான் இங்கே எட்டு வருடமாக "உப்பைக் குறைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையை ஆட்டுவார்கள், வீட்டுக்குப் போய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார்கள். சீனாவில் 48 முதியோர் காப்பகங்களில் இதையே சோதித்தார்கள். சில இடங்களில் சமையலறைக்குப் போகும் உப்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள், பிரஷரில் வித்தியாசம் தெரியவில்லை. சில இடங்களில் உப்பை மாற்றினார்கள், மேல் அழுத்தம் 7 புள்ளி இறங்கியது. 2023இல் அதைப் படித்த அன்று சாயங்காலம் கிளினிக்கில் யாருக்கும் உப்பு உபதேசம் செய்யவில்லை. வெட்கமாக இருந்தது.

மார்ச் 17, காலை

அவசரம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு மாற்று உப்பு வாங்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் சரியாக வெளியேறாது, ரத்தத்தில் அதிகம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். அந்தக் கிராம ஆய்விலேயே கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்த ஜனவரியில் மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது இல்லை என்று சொல்லியிருக்கிறது. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

மார்ச் 17, இரவு

வாங்கியவர் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நிம்மதி.

மார்ச் 23

பேச்சு சர்க்கரை நோய்க்குப் போய்விட்டது. 2018 ஆய்வின்படி சீனப் பெரியவர்களில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாங்கள் படித்த காலத்தில் இதற்கு ஒரு விளக்கம் அழகாகச் சொல்வார்கள். 1959–61 பெரும் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள், பசிக்குத் தயாரான உடம்போடு பிறந்தார்கள். பிறகு நாட்டில் செழிப்பு வந்தது, அந்த உடம்புக்குச் செழிப்பு தாங்கவில்லை, சர்க்கரை. பஞ்சத்தில் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்று 2010இல் ஒரு ஆய்வும், அதைத் தொடர்ந்து நிறைய ஆய்வுகளும் வந்தன. ஆயியின் தம்பி 1960இல் பிறந்தவர், 45 வயதிலேயே இன்சுலின். எனக்கு அவர்தான் அத்தாட்சி.

மார்ச் 30

போன வாரம் எழுதியதில் ஓட்டை. புள்ளியியல் படித்த ஒரு தங்கை தனிச்செய்தியில் ஒரே ஒரு வரி கேட்டார்: "அண்ணா, யாரோடு ஒப்பிட்டார்கள்?"

1960இல் பிறந்தவர்களை, பஞ்சத்துக்குப் பின் 1963, 64இல் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அப்படியென்றால் ஒரு கூட்டம் எப்போதும் மூன்று, நான்கு வயது மூத்தது. ஐம்பது வயதில் நாலு வருட வித்தியாசம் சர்க்கரை நோயில் நன்றாகவே தெரியும், பஞ்சம் தேவையில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூமியும் லீயும் 2017இல் இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, பஞ்சத்துக்கு முன் பிறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் சேர்த்து வயதைச் சமன்படுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அதிகம் என்ற வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது.

முதல் நாள் உங்களைப் பார்த்து முறத்து அரிசிக் கதை சொன்னவன் நான். அதே தப்பை இரண்டு வாரம் கழித்து நானே செய்திருக்கிறேன். ஆயியின் தம்பி சர்க்கரைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆள் நாளைக்கு மூன்று பாட்டில் பீர்.

மார்ச் 31

முழுசாகக் கைகழுவிவிடவும் முடியாது. அதே லூமி குழு உக்ரைனின் 1932–33 பஞ்சத்தை 2024இல் ஆராய்ந்தது. கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே கருத்து பொய்யில்லை. சீனாவுக்குக் காட்டிய கணக்குதான் கோணல். இதற்குமேல் இந்தப் பஞ்சப் பேச்சை நான் இழுக்கவில்லை.

ஏப்ரல் 6

கோவை நண்பர் நல்ல கேள்வி ஒன்றைத் திருப்பி வீசியிருக்கிறார்: "நான் பூங்காவைப் பார்த்து எல்லாரும் ஆரோக்கியம் என்றேன். நீங்கள் வார்டைப் பார்த்து எல்லாருக்கும் பக்கவாதம் என்கிறீர்கள். என்ன வித்தியாசம்?"

ஒத்துக்கொள்கிறேன். பயிற்சி மருத்துவனாக நான் நின்றது நரம்பியல் வார்டு. அங்கே வருபவர் எல்லாருக்கும் வாய் கோணியிருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நோய் எதுவும் இல்லாதவர்கள்கூட வரிசையில் நிற்பார்கள், ரத்தக்குழாயைச் "சுத்தம் செய்ய" ஒரு வாரம் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள. வருடத்துக்கு இரண்டு தடவை. அதனால் பக்கவாதம் தடுக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பிரஷர் மாத்திரையைத் தினமும் போடச் சொன்னால் "உடம்புக்குப் பழகிவிடும்" என்று மறுத்தவர்களே இதற்குக் காசு கட்டினார்கள். ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றும்போது கையில் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆரஞ்சு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு. பூங்கா, வார்டு இரண்டிலும் சிக்காதவர்களைத் தேடிக் கதவைத் தட்டிய ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும். சார்ல்ஸில் 60 வயதைத் தாண்டியவர்களில் 38 சதவீதம் பேருக்கு அன்றாட வேலைகளில் ஏதாவது ஒன்று சிரமம். குளிப்பது, சமைப்பது, கடைக்குப் போவது மாதிரி. ஆறாவது மாடித் தாத்தா அந்தக் கணக்கில் இருப்பார்.

ஏப்ரல் 7

தாய்ச்சியை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெய்ஜிங்கில் பிரஷர் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரை வைத்துச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் தாய்ச்சிக் குழுவுக்கு மேல் அழுத்தம் 7 புள்ளி இறங்கியது, ஏரோபிக் குழுவுக்கு 4.6. பங்கேற்றவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏப்ரல் 20

சூடான தேநீர், மது, மிளகாய். மூன்றையும் கேட்டுவிட்டீர்கள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டும் சீன மருத்துவ அறிவியல் கழகமும் சேர்ந்து 2004 முதல் 2008 வரை பத்துப் பகுதிகளில் 5 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்துத் தொடர்கிறார்கள். சீன கடூரி உயிர் வங்கி (பயோபேங்க்) என்று பெயர்.

தேநீர்: கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர் கூடவே தினமும் மதுவும் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஐந்து மடங்கு. ஆறவைத்துக் குடியுங்கள், முடிந்தது.

மிளகாய்: ஏறக்குறைய தினமும் காரம் சாப்பிடுபவர்களிடம் மரணம் 14 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். ஆந்திர நண்பர்கள் இதை அனுப்பாத குழு இல்லை. ஆனால் வயிற்றில் கோளாறு உள்ளவன் காரத்தைத் தொடமாட்டான். அவன் "காரம் சாப்பிடாதவர்" பட்டியலில் போய் உட்கார்ந்து சாகிறான். மறுபடியும் அதே முறம்.

மதுவில்தான் கெட்டிக்காரத்தனம். அளவாகக் குடித்தால் பக்கவாதம் குறைவு என்று நெடுநாள் நம்பிக்கை. கிழக்காசியர்களில் பலருக்கு மதுவைச் செரிக்கும் மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு, ஒரு மடக்கிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அதனால் குறைவாகக் குடிப்பார்கள். பிறவியிலேயே அமைந்தது என்பதால், நோய்க்குப் பயந்து குடியை விட்டவர்கள் இந்தக் கணக்கைக் குழப்ப முடியாது. மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது அளவான குடியின் நன்மை காணாமல் போனது. குடி கூடக்கூடப் பக்கவாதமும் கூடியது. இன்னொரு அழகு: பெண்களுக்கும் அதே மரபணுதான், ஆனால் வாரம் தவறாமல் குடிக்கும் பெண்கள் 2 சதவீதம்தான். அவர்களிடம் அந்த மரபணு பக்கவாதத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆக மரபணு நிரபராதி, குற்றவாளி பாட்டில். 2019இல் இதைப் படித்தபோது கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

மே 4

"குறையே சொல்கிறீர்கள், அங்கே எதுவும் சரியாக நடக்கவில்லையா?" நடக்கிறது. லியாவ்னிங் உட்பட மூன்று மாகாணங்களில் 326 கிராமங்கள், பிரஷர் உள்ள 33,995 பேர். பாதிக் கிராமங்களில் பெரிய டாக்டர் யாரும் போகவில்லை, கிராம மருத்துவர்களே மாத்திரையை ஏற்றி இறக்கினார்கள். ஒரு காலத்தில் குறுகிய பயிற்சியோடு கிராமங்களில் வைத்தியம் பார்த்து, வெறுங்கால் மருத்துவர்கள் என்று பெயரெடுத்தவர்களின் வாரிசுகள் இவர்கள். கையில் எளிமையான ஒரு பட்டியல், சந்தேகம் வந்தால் கேட்க மேலே ஒரு டாக்டர், நோயாளி வீட்டில் பிரஷர் பார்க்க ஒரு மெஷின், மாத்திரை இலவசம் அல்லது சலுகை விலை. பதினெட்டு மாதத்தில் அந்தக் கிராமங்களில் 57 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடு, மற்ற கிராமங்களில் 19.9. நான்கு வருடத்தில் மறதி நோயும் 15 சதவீதம் குறைவு என்று இந்த வருடம் வெளியிட்டிருக்கிறார்கள்.

வயசானவர்களுக்குப் பிரஷரை ரொம்ப இறக்கக்கூடாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். 60 முதல் 80 வயது வரை 8,511 சீன நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மேல் அழுத்தத்தை 130க்குக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். பக்கவாதம், மாரடைப்பு போன்றவை சேர்ந்து 26 சதவீதம் குறைந்தன, தாழ் அழுத்தம் கொஞ்சம் கூடியது. பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், நானும் அவரிடம் போய் வாதாடவில்லை.

நவம்பர் 2

இந்த இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை. நேற்று ஆயி வீடியோவில் வந்தார். முட்டைக்கோஸ் வாங்கியாகிவிட்டது, இந்த வருடம் முப்பது கிலோதான். முன்பு நான் நச்சரித்ததால் சமையலுக்கு மாற்று உப்பு வாங்குகிறார், பாக்கெட்டைக் காமிராவுக்கு நேரே காட்டினார். ஜாடிக்கு? "அதுக்கு அது சரிப்படாது, கோஸ் புளிக்காது, அழுகிடும்" என்றார். அந்த 600 கிராமங்களில் ஜாடிக்கும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க போட்ட சுவான்சாயை நீ தின்னு பார்த்தியா?" என்று கேட்டார். தின்றதில்லை.

தாத்தா இடது கையால் சாப்ஸ்டிக் பிடிக்கிறார். பழைய குடியிருப்புகளில் வெளிப்பக்கமாக லிஃப்ட் ஒட்டவைக்கும் திட்டம் அவர்கள் கட்டடத்துக்கும் வந்திருக்கிறதாம். மேல் மாடிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தரைத்தள வீட்டுக்காரர் மட்டும் ஜன்னல் வெளிச்சம் மறைந்துவிடும் என்று இன்னும் போடவில்லை. அவரும் ஆயியோடு சதுக்கத்தில் ஆடுகிறவர்தான், வயது எழுபத்திரண்டு.